ஒத்தாசைப்பட்டியின் கரண்டுக் காவல்

சொன்ன சொல்லைத் தட்டாத ஜனங்கள் என்றால் அது ஒத்தாசைப்பட்டி ஜனங்கள்தான். பஸ் திரும்புகிற இடத்தையும் தாண்டி, மலையடிவாரத்தில் இருக்கிற ஊர் அது. டாக்டர் ‘மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால போடுங்க’ என்று சொல்லி அனுப்பினால், சோற்றுத் தட்டுக்கு முன்னால் மாத்திரையைப் போட்டுவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார்கள். காய்ச்சல் விடாவிட்டால் தட்டுக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்த்தி வைப்பார்கள். கண்டக்டர் ‘பார்த்து இறங்குங்க’ என்றால் அவர் முகத்தைப் பார்த்தபடியே இறங்குவார்கள். கீழே விழுந்தாலும் பார்வையை மட்டும் எடுக்க மாட்டார்கள்.

அந்த ஊரில் பலவேசம் என்று ஒருவன் இருந்தான். தங்கமான மனுஷன். எந்த வேலையும் அவனிடம் தங்கவில்லை என்பதுதான் குறை. ஒருமுறை கொய்யாத் தோப்புக் காவலுக்கு வைத்தார்கள். ‘ஒரு கிளியையும் உள்ளே விடாதே’ என்று தோப்புக்காரர் சொல்லிவிட்டுப் போனார். பலவேசம் ஒரு கிளியையும் உள்ளே விடவில்லை. ஏற்கெனவே உள்ளே இருந்த கிளிகளைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லாததால், அவற்றை வந்த விருந்தாளிகளைப் போலக் கவனித்துக்கொண்டான்.

அவன் மனைவி செல்லத்தாய் பீடி சுற்றிக் குடும்பத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரே ஓர் ஆசை. என்றைக்காவது ஒருநாள், யாராவது ஒருத்தர், தன் புருஷனை ‘ஐயா’ என்று கூப்பிட வேண்டும்.

ஊருக்குக் கரண்டு கொடுத்துவந்தது ஒரு டீசல் என்ஜின். டீசல் மலைப்பாதை வழியாக ஜீப்பில் வரும். மழைக்குப் பாதை சரிந்தால் ஜீப் வராது. ஜீப் வராவிட்டால் என்ஜின் ஓடாது, குடிதண்ணீர் மோட்டாரும் ஓடாது. பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடைக்கு நடப்பார்கள். மழை பெய்கிறபோதெல்லாம் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் போகிற ஊர் அந்த வட்டாரத்தில் அது ஒன்றுதான்.

இதற்கு ஒரு வழி செய்யத்தான் டவுனிலிருந்து இன்ஜினியர் ஜெனோவா வந்து இறங்கினாள். பொட்டலில் வரிசையாகச் சூரியப் பலகைகளை நட்டாள். பக்கத்திலேயே ஓர் அறை கட்டி, அதில் பேட்டரிகளை வைத்து, ஊருக்குப் போகிற ஒயரை இணைத்தாள். எல்லாம் முடிந்ததும் ஊரைக் கூட்டினாள்.

“டீசல் எங்கேயோ இருந்து வருது. பாதை அடைச்சா நாம அம்போன்னு நிக்கிறோம். சூரியன் அப்படியில்ல, நம்ம தலைக்கு மேலயே இருக்கு. நம்ம ஊருக்கு வேண்டியதை நாமளே உண்டாக்கி வச்சுக்கிட்டா, அதுக்குப் பேருதான் எரிசக்திப் பாதுகாப்பு” என்றாள்.

ஊர்த்தலைவர் பூலுடையார் ‘பாதுகாப்பு’ என்ற சொல்லை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

ஜெனோவா இன்னும் மூன்று விஷயம் சொன்னாள். “பலகை மேல நிழல் விழக்கூடாது. பகல்ல வர்ற கரண்டு பேட்டரியில சேரும், அதை வீணாக்காம வச்சுக்கோங்க. அப்புறம், டீசல் என்ஜினை ஒரேயடியா தூக்கிப் போட்டுராதீங்க. மேகம் போட்ட நாளைக்கு உதவும். இந்த மாற்றமெல்லாம் படிப்படியாத்தான் நடக்கணும்.”

“படிப்படியாத்தான?” என்று தலைவர் திருப்பிக் கேட்டார்.

“படிப்படியாத்தான் அண்ணாச்சி.”

ஜெனோவா கும்பிட்டுவிட்டு ஜீப்பில் ஏறினாள். ஒத்தாசைப்பட்டி ஜனங்கள் சொன்னதைச் செய்ய ஆரம்பித்தார்கள்.

முதலில் காவல். “பாதுகாப்புன்னு வந்திட்டா காவலுக்கு ஆள் வேணும்லா?” என்றார் தலைவர். ஊரில் வேலையில்லாமல் இருந்தவன் பலவேசம் மட்டும்தான். காக்கிச் சட்டை, விசில், ஒரு தடி எல்லாம் கொடுத்தார்கள். சட்டை யாரோ தடித்த போலீஸ்காரருடையது. உள்ளே இன்னொரு பலவேசம் நிற்கலாம். செல்லத்தாய் அதை இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துக் கொடுத்தாள். அவன் அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தபோது, டீக்கடைக்காரர் சும்மா ஒரு பேச்சுக்கு “என்ன காவல்கார ஐயா, டீ போடட்டா?” என்று கேட்டார். செல்லத்தாய் அன்றைக்கு முழுவதும் பீடி சுற்றவில்லை. வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

அடுத்தது படி. இதில்தான் பெரிய விவாதம் வந்தது.

“படிப்படியா மாத்தணும்னு சொல்லியிருக்காவ. நம்ம ஊர்ல படி எங்க இருக்கு?” என்று கேட்டார் தலைவர்.

சொரிமுத்து எழுந்தான். அவன் கொஞ்ச காலம் மதுரையில் இருந்தவன். அதனால் ஊருக்கே அறிவாளி. “எங்க இருக்கா? மலைமேல முருகன் கோயிலுக்குப் போறது படிதான வே?”

கூட்டம் அசந்துபோனது.

“அப்போ என்ஜினைத் தூக்கி முதல் படியில வைக்கணும். மறுநாள் அடுத்த படி. இப்படியே ஏத்திக்கிட்டே போனா, உச்சிக்குப் போற அன்னைக்கு மாற்றம் முடிஞ்சிரும்” என்றான் சொரிமுத்து.

“ரெண்டு ரெண்டு படியா ஏத்தினா என்ன?” என்று பலவேசம் கேட்டான். வேலை சீக்கிரம் முடியுமே என்ற நல்லெண்ணம்தான்.

தலைவர் அவனைக் கண்டித்தார். “அவசரப்படக்கூடாது. படிப்படியான்னுதான் சொன்னாவ. ரெண்டுரெண்டு படியான்னா சொன்னாவ?”

மறுநாளிலிருந்து ஆளுக்கொரு பக்கம் கயிற்றைப் பிடித்து, ‘ஏலேலோ’ போட்டு, அந்த இரும்பு யானையை ஏற்றினார்கள். ஒரு படி ஏறியதும் எல்லாரும் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். சாமி கும்பிட வந்தவர்கள் என்ஜினைச் சுற்றிக்கொண்டு போனார்கள். சிலர் அதற்கும் ஒரு கற்பூரம் ஏற்றினார்கள்.

மிச்சமிருந்தது நிழல். அதற்குப் பலவேசம்தான் பொறுப்பு. அவன் பலகைகளுக்கு நடுவே தடியோடு நின்றான். முதல் நாள் காலையிலேயே ஒரு காக்கை மேலே பறந்தது. அதன் நிழல் ஒரு பலகையில் விழுந்து, அடுத்த பலகைக்குத் தாவி, மூன்றாவது பலகையில் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. பலவேசம் விசில் ஊதினான். காக்கை திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பின்னால் ஒரு கூட்டமே வந்தது. தடியைச் சுழற்றிக்கொண்டு ஓடினான். ஓடிய இடமெல்லாம் அவன் நிழலும் கூடவே ஓடிவந்து பலகைகளில் விழுந்தது. தன்னையே துரத்திவிட்டுத் திரும்பிவந்தான். திரும்பி வந்ததும் நிழலும் வந்தது. மத்தியானத்துக்குள் ஆள் ஓய்ந்துவிட்டான்.

வேர்க்க விறுவிறுக்கத் தலைவரிடம் போய் நின்றான். “தலைவரே, காக்கா நிழலைத் தடுக்க முடியலை. முதல் வேலையிலேயே தோத்திருவேன் போலிருக்கு.”

தலைவருக்கு மனசு கேட்கவில்லை. உடனே கூட்டம் போட்டார்.

“காக்கா நிழல் மேல இருந்துதான வருது? வழியிலேயே மறிச்சிட வேண்டியதுதான். பலகைக்கு மேல ஒரு பந்தலைப் போடுவோம். காக்கா நிழல் பந்தல்ல விழும், பலகையில விழாது” என்றான் சொரிமுத்து.

எல்லாரும் அவனைத் தழுவிக்கொண்டார்கள். பலவேசத்துக்கு மட்டும் ஒரு சந்தேகம். “அப்போ பந்தலோட நிழல்?”

சொரிமுத்து சிரித்தான். “விழுறது வேற, இருக்கிறது வேற. காக்கா நிழல் வந்து விழும். பந்தல் நிழல் எங்க விழுது? அது பாட்டுக்கு அங்கனயே இருக்கு. அந்தம்மா விழக்கூடாதுன்னுதான் சொன்னாவ. இருக்கக்கூடாதுன்னு சொன்னாவளா?”

அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது? தென்னங்கீற்று வந்தது, மூங்கில் வந்தது. பொழுது சாய்வதற்குள் ஒரு கல்யாணப் பந்தலே எழும்பிவிட்டது. பலகைகள் குளுகுளுவென்று இருந்தன. ஊரில் சிலர் மத்தியானத் தூக்கத்துக்கு அங்கேயே வரத் தொடங்கினார்கள்.

இப்போது பலவேசம் நிம்மதியாகப் பேட்டரி அறையைக் காவல் காக்க முடிந்தது. அறையைச் சுற்றிச் சுற்றி வந்தவன், சுவரில் ஓர் ஓட்டையைக் கண்டான். அதன் வழியாக ஒரு தடித்த ஒயர் வெளியே போய்க்கொண்டிருந்தது.

“இது எங்க போவுது?” என்று சொரிமுத்துவைக் கூப்பிட்டுக் கேட்டான்.

“ஊருக்குள்ள போவுது.”

“உள்ள இருக்கிற கரண்டு இது வழியா வெளிய போயிருமா?”

“போகத்தான செய்யும்.”

“அப்போ நான் வாசல்ல நின்னு காவல் காக்க, அது கொல்லைப்பக்கமாப் போய்க்கிட்டு இருக்கா?”

உடனே உள்ளே போய் மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டினான். ஊரில் எரிந்துகொண்டிருந்த ஒன்றிரண்டு பல்புகளும் அணைந்தன. ஜனங்கள் பதறி ஓடிவந்தார்கள். பலவேசம் விறைப்பாக நின்று, “பயப்படாதீங்க. நம்ம கரண்டு எல்லாம் உள்ளேயே பத்திரமா இருக்கு. ஒரு பொட்டுகூட இனி வெளிய போகாது” என்றான்.

ஜனங்களுக்கு உயிர் வந்தது. அன்று சாயங்காலம் இருட்டுகிற நேரத்தில் வீட்டுக்கு வீடு திருப்தியாகப் பேசிக்கொண்டார்கள். மற்ற ஊர்களில் எல்லாம் கரண்டு கண்டபடி செலவாகிக்கொண்டிருக்கிறது, நம் ஊரில் பார், அப்படியே இருக்கிறது என்று.

இதை முதலில் ஒப்புக்கொள்ளாதவள் செல்லத்தாய்தான். மோட்டார் ஓடவில்லை. இந்த முறை மழையும் பெய்யவில்லை, பாதையும் சரியவில்லை. ஆனாலும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கு நடக்க வேண்டியிருந்தது. வழியில் மற்றப் பெண்கள் எல்லாரும் அவளைப் பார்த்து, “என்ன காவல்காரம்மா, உங்க வீட்டு ஐயா சாவியைக் குடுப்பாரா?” என்று குத்திக்காட்டினார்கள்.

பலவேசம் சாப்பாட்டுக்கு வந்தபோது அடுப்பு பற்றவைக்கப்படவில்லை.

“கரண்டைக் காப்பாத்துனீங்க, ரொம்ப சந்தோஷம். தண்ணிக்கு யாரைக் காவல் போட்டிருக்கீங்க?” என்று கேட்டாள்.

“செல்லம், அது என் கடமை…”

“கடமையைத் தட்டுல போட்டுத் தாரேன், சாப்பிடுங்க.”

பலவேசம் காலியான தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தலைவரிடம் போனான். மறுபடியும் கூட்டம். மோட்டாருக்கு வேண்டிய அளவு கரண்டை வெளியே விடலாம், ஆனால் தனியாக விடக்கூடாது, காவலோடுதான் விடவேண்டும் என்று முடிவானது.

மறுநாள் காலை, ஊரே பார்க்க, பலவேசம் சுவிட்சை ஏற்றினான். ஏற்றிய கையோடு விசிலை வாயில் வைத்து ஊதிக்கொண்டு, ஒயருக்குக் கீழேயே ஓட ஆரம்பித்தான். வளைவில் ஒயர் திரும்பினால் அவனும் திரும்பினான். ஒயர் வாய்க்காலைத் தாண்டினால் அவனும் தாண்டினான். பாதி வாய்க்காலைத்தான் தாண்ட முடிந்தது. நனைந்த சட்டையோடு மோட்டார் ரூமுக்குப் போய்ச் சேர்ந்து, மூச்சிரைக்க, “கொண்டாந்திட்டேன்!” என்றான்.

மோட்டார் சும்மா இருந்தது. பந்தலுக்கு அடியில் சொகுசாகத் தூங்கிய பலகைகள் இத்தனை நாளாகப் பேட்டரிக்கு ஒன்றுமே அனுப்பவில்லை என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். பலவேசத்துக்குத் தெரியாது. அவன் ஒயரைப் பார்த்தான், மோட்டாரைப் பார்த்தான், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“புறப்படும்போது இருந்தது தலைவரே. நானே என் கையால சுவிட்சை ஏத்தினேன். வழியில எங்கேயோ…” என்று இழுத்தான். அவன் வாழ்க்கையில் கிடைத்த ஒரே கௌரவம் அது. வாய்க்காலில் விழுந்த அந்த ஒரு நிமிஷத்தில் யாரோ அதைக் களவாடிவிட்டார்கள்.

“திருட்டுத்தான். ஊருக்குள்ள யாரோ கரண்டை எடுத்து வச்சிருக்கான்” என்றார் தலைவர்.

“கண்டுபிடிக்கிறது லேசு” என்றான் சொரிமுத்து. “கரண்டைத் தொட்டா ஷாக் அடிக்கும். அப்போ கரண்டு வச்சிருக்கிறவனைத் தொட்டாலும் ஷாக் அடிக்கணும்லா?”

ஊரை வரிசையில் நிறுத்தினார்கள். பலவேசம் ஒவ்வொருவராகத் தோளில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தான். யாரைத் தொட்டும் ஷாக் அடிக்கவில்லை. டீக்கடைக்காரருக்கு மட்டும் கூச்சத்தில் சிரிப்பு வந்தது. அவரை இரண்டு தடவை தொட்டுப் பார்த்து விட்டுவிட்டார்கள். கடைசியில் செல்லத்தாய் நின்றாள். ஓடையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். இடுப்பில் குடம், முகத்தில் வெயில்.

பலவேசம் தயங்கித் தயங்கி விரலை நீட்டினான்.

பளாரென்று ஒரு சத்தம். மரத்தில் இருந்த காக்கைகள் எல்லாம் எழும்பிப் பறந்தன.

“என்ன வே, அடிச்சுதா?” என்று தலைவர் கேட்டார்.

பலவேசம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, “அடிச்சுது தலைவரே. நல்லாவே அடிச்சுது” என்றான்.

அவன் நேர்மையை ஊரே மெச்சியது. சொந்தப் பெண்டாட்டி என்று பார்க்காமல் உள்ளதைச் சொன்னான் இல்லையா? ஆனால் பலவேசத்தின் நெஞ்சு கனத்துப்போனது. தன்னைக் கஞ்சி ஊற்றிக் காப்பாற்றியவள், தன் காவலிலிருந்தே திருடியிருக்கிறாளே என்று அல்ல. இவ்வளவு கரண்டை உடம்பில் வைத்துக்கொண்டு தினமும் ஓடைக்கு நடந்திருக்கிறாளே, எவ்வளவு வலித்திருக்கும் என்று.

தலைவர் பக்குவமாகச் சொன்னார். “தாயி, நாங்க ஒண்ணும் தப்பா நினைக்கலை. மோட்டார் மேல கையை வச்சு, எடுத்ததை அதுகிட்டயே விட்டிரு.”

“உங்களுக்கெல்லாம் என்ன கேடு வந்திருக்கு?” என்று செல்லத்தாய் கத்தினாள். எடுத்ததற்கு வருத்தமே இல்லையே என்று ஊர் அங்கலாய்த்தது. அவளை மோட்டாருக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, பலவேசத்தைக் காவலுக்கு நிறுத்தினார்கள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். எழுந்து போயிருப்பாள்தான். ஆனால் காலையிலிருந்து நடந்த அலுப்பில், நிழலாக ஓர் இடம் கிடைத்ததும் கால்கள் நகர மறுத்தன.

அந்த நேரத்தில்தான் ஜெனோவாவின் ஜீப் வந்து பொட்டலில் நின்றது. அவள் இறங்கினாள். சத்தம் கேட்டுத் தலைவர் மட்டும் மோட்டார் ரூமிலிருந்து ஓடிவந்தார். சூரியப் பலகைகளைக் காணவில்லை. ஒரு கல்யாணப் பந்தல் இருந்தது. உள்ளே நாலைந்து பேர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணாச்சி, இது என்ன?”

“நிழல் விழாம இருக்கப் பந்தல் போட்டிருக்கோம் தாயி” என்றார் தலைவர் பெருமையாக.

ஜெனோவா ஒரு நிமிஷம் கண்ணை மூடித் திறந்தாள். “டீசல் என்ஜின் எங்க?”

தலைவர் மலையைக் காட்டினார். முக்கால் உயரத்தில், வெயிலில் என்ஜின் பளபளத்தது. “முக்கால்வாசி மாறியாச்சு. இன்னும் கொஞ்சம் படிதான் பாக்கி.”

ஜெனோவா ஜீப்பில் கூட வந்த ஆட்களோடு சேர்ந்து பந்தலைப் பிரித்தாள். பலகைகளில் வெயில் சுள்ளென்று இறங்கியது. பேட்டரி அறைக்குள் போய், சுவிட்சை இறக்கி, பேட்டரியில் கரண்டு சேரும்வரை கொஞ்ச நேரம் காத்திருந்து, மறுபடி ஏற்றினாள்.

மோட்டார் ரூமில் இதெல்லாம் யாருக்கும் தெரியாது. அங்கே பலவேசம் மெதுவாகக் குனிந்து, “செல்லம், வலிச்சா ஒரேயடியா விட வேண்டாம். கொஞ்சங் கொஞ்சமா விடு” என்று கெஞ்சிக்கொண்டிருந்தான்.

“சீ! உங்களையும் உங்க கரண்டையும்…” என்று செல்லத்தாய் கோபத்தில் மோட்டாரை ஓங்கி ஒரு தட்டு தட்டினாள்.

மோட்டார் ‘உர்ர்’ என்று உறுமி ஓட ஆரம்பித்தது. குழாயில் முதலில் காற்று வந்தது, பிறகு செம்மண் கலங்கல், பிறகு தண்ணீர்.

செல்லத்தாய் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். ஜனங்கள் இரண்டடி தள்ளி நின்று அவளைக் கும்பிட்டார்கள். அன்றிலிருந்து அந்த ஊரில் அவளிடம் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. ஓடைக்கு நடக்கிற வேலையும் ஒழிந்தது. பலவேசம் அவளுக்கு ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டுதான் பதில் சொல்வான்.

ஜெனோவா நாள் முழுக்க இருந்து எல்லாவற்றையும் சரிசெய்தாள். இந்த முறை அவள் எந்த அறிவுரையும் சொல்லவில்லை. பட்டால்தான் தெரியும் என்று நினைத்தாளோ என்னவோ, பொட்டலில் ஒரு விளக்குக் கம்பத்தை நட்டு, அது எரிகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, இருட்டுவதற்கு முன்னால் கிளம்பிவிட்டாள்.

விளக்குக்கு அடியில் ஊர் கூடி நின்றது. வெளிச்சம் பொட்டல் முழுவதும் பரவி, சூரியப் பலகைகள் மேலும் பட்டுக்கொண்டிருந்தது. பலவேசம்தான் அதை முதலில் கவனித்தான்.

“பலகையில வெளிச்சம் படுதே தலைவரே. வெளிச்சம் பட்டா கரண்டு வரும்லா?”

“வரும்” என்றான் சொரிமுத்து. “அந்தக் கரண்டுல விளக்கு எரியும். விளக்கு எரிஞ்சா வெளிச்சம் வரும். வெளிச்சம் வந்தா…”

அவனே பயந்துபோய் நிறுத்திவிட்டான்.

“அப்போ சூரியன் எதுக்கு?” என்று தலைவர் மெல்லக் கேட்டார்.

பலவேசத்துக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. “பாவம், எந்தக் காலத்துல வேலையில சேந்தாரோ. ஒருநாள் லீவு எடுத்ததில்ல. ஞாயித்துக்கிழமைன்னு தன் பேர்லயே ஒரு கிழமை இருக்கு, அன்னைக்குக்கூட வந்து நிக்காரு. இனிமேலாவது ஓய்வா இருக்கட்டுமே” என்றான்.

சும்மா அனுப்பிவிட முடியுமா? பிரிவுபசார விழா நடத்துவதென்று அங்கேயே தீர்மானித்தார்கள். மறுநாள் காலை மேடை, மைக், மாலை, பொன்னாடை எல்லாம் தயார். வானம் மூடியிருந்தது. சூரியனைக் காணோம். “ஓய்வுன்னதும் கூச்சம். பெரிய மனுசங்க அப்படித்தான்” என்று சொல்லிவிட்டுத் தலைவர் பேச ஆரம்பித்தார். சூரியனின் நேரந்தவறாமையை எடுத்துச் சொன்னார். நெல் காயவைத்தது, வத்தல் காயவைத்தது, வடகம் காயவைத்தது என்று அவர் அடுக்கிக்கொண்டே போனபோது பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பேச்சு பாதியில் இருக்கும்போது மேகம் விலகியது. சூரியன் வந்து ‘சுரீர்’ என்று எல்லார் தலையிலும் அடித்தது.

கூட்டத்தில் சலசலப்பு. தலைவர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, “ரிட்டயர் ஆனவங்க எல்லாரும் இப்படித்தான். வீட்டுல இருக்க முடியாம மறுநாளே ஆபீசுக்கு வந்திருவாங்க. ஒண்ணும் சொல்லாதீங்க, மனசு கஷ்டப்படும். ஒரு நாற்காலி போட்டு உக்காரச் சொல்லுங்க” என்றார்.

பலவேசம் ஓடிப்போய் மேடையிலிருந்த நாற்காலியைத் தூக்கிவந்தான். பொட்டல் நடுவில் வைக்கப்போனவன், அண்ணாந்து பார்த்தான். பார்த்ததும் மனசு கேட்கவில்லை. நாற்காலியை மறுபடி தூக்கிக்கொண்டு புளியமரத்தடிக்குப் போனான்.

“இங்கன வந்து உக்காருங்கய்யா” என்று சூரியனைப் பார்த்துக் கையைக் காட்டினான். “வயசான காலத்துல எவ்வளவு நேரம்தான் வெயில்ல நிப்பீங்க?”